என் சம்பளத்திலிருந்து என் நடன வகுப்புக்குப் பொய் சொல்லிப் பணம் வாங்குகிறேன்

பெரம்பூர்க்காரி
ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எழுதுவது முதல் தடவை.

எனக்கு 44 வயது. 19 வருடமாக ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப் என்று ஊரார் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாகப் பார்க்கிறேன். என் சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு மட்டும் கல்யாணமான மாதத்திலிருந்து கணவரிடம் இருக்கிறது. அவர் பிடுங்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். எங்கள் அம்மா அப்படித்தான் சொல்லி அனுப்பினார்.

நான்கு மாதமாகச் சனிக்கிழமை மாலையில் பரதநாட்டிய வகுப்புக்குப் போகிறேன். பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு, ஒன்பது பேர் வருகிறோம். மாதம் 1,500 ரூபாய். சின்ன வயதில் அயனாவரத்தில் எதிர்வீட்டு மாடியிலிருந்து 'தை யா தை' சத்தம் வரும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் தட்டிப் பார்ப்பேன். என்னையும் சேர்த்துவிடுங்கள் என்று வீட்டில் கேட்டதே இல்லை.

இப்போது கணவரிடம் கேட்டேன். "இந்த வயசுல எதுக்கு?" என்றார். கோபம் எல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம், மகளின் வேதியியல் டியூஷனுக்கு 1,500 கூட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். உடனே எடுத்துக் கொடுத்தார். அப்படியே நான்கு மாதம், 6,000 ரூபாய்.

வகுப்பு முடிந்ததும் நாங்கள் மூன்று பேர் ரயில் நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் நிற்போம். ஒருவருக்கு 52 வயது, கணவர் இல்லை. இன்னொரு பெண்ணுக்கு 31. பெரம்பூரில் இத்தனை வருடம் இருந்தும் டீக்கடையில் நின்று டீ குடித்தது அந்த முதல் சனிக்கிழமைதான். கண்ணாடி டம்ளரின் சூடு விரலில் ஏற, 'உனக்கு நாட்டடவு வந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் குதிகால் இடிக்கிறது' என்று பேசிக்கொண்டிருப்போம். பிள்ளைகளைப் பற்றியோ சமையலைப் பற்றியோ அந்த இருபது நிமிடத்தில் ஒரு வார்த்தை வராது.

போன வாரம் மகள் கேட்டாள்: "டியூஷன் ஃபீஸ் ஏன் இவ்வளவுன்னு அப்பா கேட்டார். நான் என்னம்மா சொல்லணும்?" அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக அவளும் பொய் சொல்லத் தயாராக நிற்கிறாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

உங்கள் வீடுகளில் எப்படி? உங்கள் கையில் என்று காசு இருக்கிறதா? எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

உஸ்மான் ரோடு
ஞாயிறு, இரவு 10:40

அக்கா, தி.நகர் ஜவுளிக் கடையில் 11 வருடமாக நிற்கிறேன். நின்றபடியேதான் வேலை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் தளத்தில் நாற்காலி வந்தது. கூட்டம் இருக்கும்போது அதில் உட்கார யாருக்கும் தைரியம் வராது. ராத்திரி வீட்டுக்குப் போனால் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவேன். அதே காலால் நீங்கள் ஆடப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு ஆசையாக இருந்தது. விடாதீர்கள்.

மூணாம் கவுன்ட்டர்
ஞாயிறு, இரவு 11:25

வங்கியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரம்பூர்த் தங்கைக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். கார்டையும் பின் நம்பரையும் கணவர், பிள்ளை யாருக்குமே கொடுக்கக் கூடாது என்பதுதான் வங்கி விதி. நாளைக்கு அந்தக் கார்டில் ஏதாவது மோசடி நடந்து பணம் போனால், பின்னைப் பகிர்ந்திருந்தீர்கள் என்பதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். வீட்டில் சண்டை போடாமல் பேச்சைத் தொடங்க இந்தக் காரணம் போதும்.

இரண்டாவது, உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வேண்டும். தபால் நிலையத்தில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 100 ரூபாயிலிருந்து ஆர்டி போடலாம், ஐந்து வருடம். தொகை சின்னதாக இருக்கட்டும். பாஸ்புக்கில் உங்கள் பெயர் மட்டும் அச்சாகியிருப்பதைக் கையில் வைத்துப் பாருங்கள்.

கவுன்ட்டரில் நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆசிரியை, செவிலியர், தலைமை எழுத்தர் என்று படித்த பெண்கள் வருவார்கள். கணவர் விரலால் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். என்ன கடன், எவ்வளவு, யாருக்கு ஜாமீன் என்று பார்க்கவே மாட்டார்கள். "படிச்சுட்டுப் போடுங்கம்மா" என்பேன். "அவர் பார்த்துட்டார்" என்பார்கள். அவர் இறந்த பிறகு அதே பெண் வந்து, வீட்டில் எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுவார். ஒரு வருடத்தில் எத்தனை பேர் என்று நான் எண்ணியதில்லை. எண்ண மனம் வரவில்லை.

2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது எங்கள் தெருவில் பலருக்கும் நான்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். தொடக்கத்தில் ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அவர்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வந்தது. ஆயிரத்தில் என்ன ஆகும் என்று பேசுபவர்கள் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேரின் கார்டு இப்போது மகனிடம் இருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போய் அதைத் திரும்ப வாங்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குரோம்பேட்டை அப்பா
திங்கள், காலை 7:05

ஓர் ஆணாக எழுதலாமா என்று தயங்கினேன். எங்கள் வீட்டிலும் இரண்டு சம்பளமும் ஒரே இடத்துக்குப் போகிறது. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகளின் பள்ளி, அப்பாவின் மருந்து எல்லாம் போனால் கடைசி வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது. எங்களுக்கு 1,500 பெரிய தொகைதான். பணத்தை ஒருவர் கையில் வைத்துப் பார்ப்பதை அடக்குமுறை என்று மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொய்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அது தெரிய வரும்போது அவருக்கு வலிக்கும்.

பெரம்பூர்க்காரி
திங்கள், மதியம் 1:30

சார், நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அவருக்கு வலிக்கும் என்பதும் தெரியும். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். கார்த்திகை மாதம் நண்பர்களோடு சபரிமலை போக அவர் 9,000 ரூபாய் எடுத்தார். எடுத்துவிட்டு, "எடுத்திருக்கேன்" என்று சொன்னார். நானும் சரி என்றேன். அது பொதுப் பணம், அவர் எடுத்தார். என் 1,500-க்கு மட்டும் காரணம் வேண்டியிருக்கிறது. அந்தக் காரணமும் மகளுக்காக என்று இருந்தால்தான் செல்லுபடியாகிறது.

குரோம்பேட்டை அப்பா
திங்கள், மதியம் 2:10

நியாயம். நான் இப்படி யோசித்ததில்லை. இன்று இரவு என் மனைவியிடம் கேட்கப் போகிறேன்.

ஓஎம்ஆர் இரவு
திங்கள், மாலை 4:50

எனக்கு 33 வயது, சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. கணவரைவிட எனக்குச் சம்பளம் அதிகம். ஃப்ளாட் கடனில் நானும் இணை விண்ணப்பதாரர். தவணையில் பெரும்பகுதி என் கணக்கிலிருந்துதான் போகிறது. மூணாம் கவுன்ட்டர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் என் பெயர் இல்லை. பதிவு நடந்த அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் அவர் மட்டும் போய்வந்தார். ஆறு வருடமாக இது எனக்குத் தெரியாது. என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

மூணாம் கவுன்ட்டர்
திங்கள், இரவு 8:15

பதற்றப்படாதே அம்மா. கடன் உன் பெயரிலும் வீடு அவர் பெயரில் மட்டும் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். முதலில் அதைப் பார். நீ கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் வங்கிக் கணக்கு விவரத்தை இறக்கி வைத்துக்கொள். பிறகு அவரோடு உட்கார்ந்து பேசு. உனக்கு ஒரு பங்கைப் பதிவு செய்து தர அவர் மனது வைத்தால் வழி இருக்கிறது. வீடு அடமானத்தில் இருப்பதால் வங்கியிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வழக்கறிஞரை வைத்துச் செய்ய வேண்டும்.

பிறந்த வீட்டுச் சொத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் 1929-இல் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சமச் சொத்து என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக 60 வருடம் ஆயிற்று. 1989-இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. எனக்கு 1987-இல் கல்யாணம். 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. அந்தச் சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சட்டம் இத்தனை தூரம் வந்துவிட்டது. வீட்டில் என்ன நடக்கிறது? சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அண்ணன் நீட்டுவார். "உனக்குத்தான் சீர் செய்தாச்சே, தீபாவளி பொங்கலுக்கு வந்து போகணும் இல்லையா, ஒரு கையெழுத்துப் போட்டுடு." நானும் போட்டேன். வங்கியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் படித்துவிட்டுப் போடுங்கள் என்று சொன்ன நானேதான் போட்டேன். அண்ணனோடு உறவு போய்விடுமே என்ற பயம். அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன், படிக்காமல் எதிலும் போடாதே. படித்துவிட்டு, மனம் ஒப்பவில்லை என்றாலும் போடாதே.

ஓஎம்ஆர் இரவு
திங்கள், இரவு 8:31

அம்மா, நன்றி. இதைப் பத்து தடவை படிப்பேன்.

பறைக்காரி
செவ்வாய், காலை 6:20

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். கோபப்படாதீர்கள், எனக்கு ஒன்று நெருடுகிறது. மாதம் 1,500 கட்டிப் பரதம் கற்பது எங்கள் பக்கம் யாருக்கு முடியும்?

அடையாற்றங்கரையிலிருந்து எங்களைக் கண்ணகி நகரில் கொண்டுவந்து விட்டபோது எனக்கு ஒன்பது வயது. வீடு இங்கே, அம்மா பாத்திரம் தேய்க்கும் வேலை அங்கே. பேருந்துக்கு மட்டும் போக வர 30 ரூபாய் ஆகும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்ததும், அம்மா அந்த 30 ரூபாயைத் தினமும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார். மாதம் 780 வந்தது. அதுவரைக்கும் அம்மாவிடம் 'மிச்சம்' என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. அந்தப் பணத்தில்தான் மகளிர் குழுவில் சேர்ந்தார். தங்கைக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறது.

எங்கள் தெருவில் சாவுக்குப் பறை அடித்தால் ஆண்கள்தான் ஆடுவார்கள். பெண் ஆடினால் குடித்திருக்கிறாள் என்பார்கள். நான் மூன்று வருடமாகப் பறை கற்கிறேன். எங்கள் குழுவில் ஐந்து பெண்கள். ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் பயிற்சி. தோலைத் தீயில் காய்ச்சி, கட்டை விரல் சிவக்க அடித்துக்கொண்டே அடவு வைப்போம். அடிப்பதும் ஆடுவதும் எங்களுக்கு ஒன்றுதான், தனித்தனியாக வராது. காசு யாரும் கேட்பதில்லை. பார்க்கிறவர்கள் மட்டும் பரதத்துக்குக் 'கலை' என்கிறார்கள், இதற்கு 'சத்தம்' என்கிறார்கள். அக்காவை நான் குறை சொல்லவில்லை. இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தட்டுக்கழி
செவ்வாய், இரவு 9:50

மயிலாப்பூரில் 26 வருடமாக நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். பறைக்காரி எழுதியதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்னது சரி. அதிலும் பெரிய வேதனை என்னவென்றால், இந்த ஆட்டமும் ஒரு காலத்தில் மரியாதை மறுக்கப்பட்ட பெண்களின் கையில்தான் இருந்தது. அப்போது இதற்குச் சதிர் என்று பெயர். எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே, கபாலீஸ்வரர் கோயிலில் ஆடியவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தது அவர்தான். 1935-இல் ருக்மிணி தேவி அடையாறில் மேடை ஏறினார், அடுத்த வருடம் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி வந்தது. பிராமண வீட்டுப் பெண்கள் ஆடத் தொடங்கினார்கள், பெயரும் மாறியது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947-இல் வந்தது. கோயில் தந்த வீட்டிலிருந்து கௌரி அம்மாள் வெளியேற வேண்டியிருந்தது. கடைசிக் காலத்தில் வறுமையில் வாழ்ந்தார். இரண்டு மேதைகளுக்குக் கற்றுக்கொடுத்த கைக்கு ஒரு வீடு நிலைக்கவில்லை.

சட்டம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கைக்குள்ளிருந்தே வெளியே வந்து எதிர்த்தவர். உங்கள் தங்கை வாங்கும் புதுமைப்பெண் உதவித்தொகை அவர் பெயரில்தான் இருக்கிறது. சிறுமிகளைப் பொட்டுக் கட்டி அனுப்பியது கொடுமை, அது ஒழிந்தே ஆக வேண்டும். ஆனால் ஒழித்தவர்கள் அந்தப் பெண்களின் பிழைப்புக்கு என்ன வழி என்று போதுமான அளவு யோசிக்கவில்லை. கலை மேடைக்குப் போனது, அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி ஒருவர் விடாமல் நின்றார். 1973-இல் மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. அவரைப் போல் நிற்க முடியாமல் போனவர்கள் எத்தனை பேர்!

இன்றைக்கு அரங்கேற்றம் என்றால் மண்டபம், பக்கவாத்தியம், உடை, நகை, சாப்பாடு என்று லட்சங்கள் போகின்றன. அதை நான் என் மாணவிகளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு. பெரியவர்கள் வகுப்பில் அந்தப் பேச்சே கிடையாது, அதனாலேயே எனக்கு அந்த வகுப்பு பிடிக்கும்.

பெரம்பூர் அம்மாவுக்கு: 44 வயதில் அரைமண்டியில், அதாவது முட்டியை மடித்து நிற்கும் நிலையில், ஒரேயடியாகக் கீழே இறங்காதீர்கள். பாதி இறங்கினால் போதும். முட்டி பாதத்தின் திசையிலேயே திரும்ப வேண்டும். சிமென்ட் தரையில் தட்டாதீர்கள். குதிகால் வலி தொடர்ந்தால் இரண்டு வாரம் நிறுத்துங்கள்.

பறைக்காரி
புதன், காலை 6:05

டீச்சர், கௌரி அம்மாள் கதை எனக்குத் தெரியாது. படித்ததும் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வர முடியுமா?

தட்டுக்கழி
புதன், காலை 6:40

வருகிறேன். காலை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

வார்டு தோழி
புதன், இரவு 10:20

காசு, ஆட்டம் எல்லாம் பேசினீர்கள். தேர்தலையும் கொஞ்சம் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது 200 வார்டில் பாதி பெண்களுக்கு. எங்கள் வார்டும் பெண் வார்டு. என் பள்ளித் தோழி சுயேச்சையாக நின்றாள். டெபாசிட் பணத்தை நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டோம். அந்தப் பணம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நானும் பெரம்பூர்க்காரி மாதிரிதான், மாவரைக்கும் மிஷின் ரிப்பேர் என்று சொன்னேன்.

பதினைந்து நாள் தெருத் தெருவாக நடந்தோம். பெண்கள் கதவைத் திறந்து, "வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். ஆண்கள் எங்களைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் எந்தக் கட்சி?" என்பார்கள். தோற்றோம், டெபாசிட்டும் போயிற்று. அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான் தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் இருவருக்கும் அடுத்து, 50 வருடம் கழித்து ஒரு பெண் மேயர் வந்தார், பிரியா. இந்த நகரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். அன்று டிவி முன்னால் உட்கார்ந்து நாங்கள் நான்கு பேரும் அழுதோம்.

பாதி இடம் சட்டம் கொடுத்ததால் மாநகராட்சியில் பாதிப் பேர். சட்டமன்றத்தில் அப்படி இல்லாததால் 2021-இல் ஜெயித்த 234 பேரில் 12 பேர்தான் பெண்கள். மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியதிலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று நிபந்தனை வைத்துவிட்டார்கள். கேட்டால் 'தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை' என்கிறார்கள். தெருவில் குடிநீர் லாரி வராத அன்று யார் யார் குடத்தோடு நின்று பேசித் தீர்க்கிறார்கள் என்று அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் நான்கு பேரும் இப்போதும் மாதம் ஒரு நாள் சந்திக்கிறோம். ஆளுக்கு 500 போட்டு வைக்கிறோம். அடுத்த தடவைக்கு.

பெரம்பூர்க்காரி
வெள்ளி, இரவு 11:08

நேற்று இரவு சொல்லிவிட்டேன். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அவளைத் தூங்க அனுப்பிவிட்டுத்தான் சொன்னேன்.

வகுப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யைத்தான் பிடித்துக்கொண்டார். "நான் என்ன அடிக்கிறவனா? எங்கிட்ட ஏன் பொய் சொல்லணும்?" என்றார். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டப்போ சிரிச்சீங்க" என்றேன். அவருக்கு அது நினைவே இல்லை. எனக்கு அந்த நாளின் கிழமைகூட நினைவிருக்கிறது. சபரிமலைக் கணக்கை எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், வாயில் வந்துவிட்டது. அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

இன்று காலை இருவரும் சரியாகப் பேசவில்லை. டிபன் டப்பாவை எடுக்கும்போது ஃப்ரிட்ஜ் மேல் என் ஏடிஎம் கார்டு இருந்தது. கோபத்தில் வைத்தாரா, மனதோடு வைத்தாரா என்று எனக்குப் புரியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுச் செலவுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதை அவர் முன்னால் வைத்துப் பேச வேண்டும்.

மகளிடம், "இனிமே நீ யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வேதியியல் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

உஸ்மான் ரோடு
வெள்ளி, இரவு 11:20

அக்கா, படித்துவிட்டு அழுதேன்.

மூணாம் கவுன்ட்டர்
வெள்ளி, இரவு 11:31

பின் நம்பரை மாற்றினீர்களா?

பெரம்பூர்க்காரி
சனி, மாலை 4:15

மதியம் மாற்றிவிட்டேன் அக்கா. வகுப்புக்குக் கிளம்புகிறேன்.